கம்ப்ரஸர் முள்ளும் ஈஸ்ட் ஹாம் ஆச்சியும்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். நடுவுல கணக்கு வேற வரும். பாட்காஸ்ட், ஒலிப்பதிவுன்னு ஏதாவது பண்றவங்களுக்கு நேரடியா உபயோகப்படும். மத்தவங்க ஆச்சிக்காகப் படிங்க.

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல. ஏகப்பட்ட ஆணி. முதுகலை கடைசி ப்ராஜெக்ட், ராத்திரி பகல் தெரியாம ஓடிட்டு இருந்தேன். நான் படிக்கிறது ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம். முன்னாடியெல்லாம் ஊர்ல யாராவது கேட்டா விளக்கமா சொல்லிட்டு இருந்தேன். "மைக் செட் வேலை படிக்கவா லண்டன் வரைக்கும் போன?"ன்னு மாமா ஒரு தடவை கேட்டாரு பாருங்க, அதிலேர்ந்து "கம்ப்யூட்டர்தான் மாமா"ன்னு முடிச்சுக்கிறது.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

ப்ராஜெக்ட் இதுதான். லண்டன்ல இருக்கிற தமிழ்ப் பெரியவங்க ரேடியோ கேட்ட கதைகளை வச்சு இருபது நிமிஷ ஒலிச்சித்திரம் பண்ணணும். ஆல்ட்விச் வழியா பஸ்ல போறப்பல்லாம் புஷ் ஹவுஸோட பெரிய தூண்களைப் பார்ப்பேன். அப்படி வந்த யோசனை. பிபிசியோட உலக சேவை 2012 ஜூலை வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. இப்ப கிங்ஸ் காலேஜ் பசங்க காபி கப்போட போயிட்டு வர்றாங்க. 1941 மே மாசம் ஆரம்பிச்ச பிபிசி தமிழ் ஒலிபரப்பு, 2017 ஏப்ரல் 30 வரைக்கும் சிற்றலையில வந்துச்சு. சங்கர் அண்ணா, ஆனந்தின்னு பேர் சொன்னாலே இன்னிக்கும் குரலை ஞாபகம் வச்சுச் சொல்ற ஆட்கள் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கமெல்லாம் இருக்காங்க.

அப்படிக் கிடைச்சவங்கதான் ஆச்சி. யாழ்ப்பாணம். எழுபத்தெட்டு வயசு. நண்பனோட நண்பனுக்குப் பெரியம்மா முறை. ஈஸ்ட் ஹாம்ல மகள் வீட்டுல இருக்காங்க. முதல் நாளே புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டு, "சாப்பிட்டிட்டுத்தான் கதை"ன்னுட்டாங்க. 

90கள்ல யாழ்ப்பாணத்துல கரண்ட் கிடையாது. பொருளாதாரத் தடையில பேட்டரியும் கிடையாது. அதனால சைக்கிளைக் கவிழ்த்து வச்சு, டைனமோவிலேர்ந்து வயர் எடுத்து ரேடியோவுக்குக் குடுப்பாங்களாம். ஒருத்தர் கையால பெடலைச் சுத்திட்டே இருக்கணும், சுத்தி உக்காந்து மத்தவங்க செய்தி கேட்பாங்க. ஆச்சி வீட்டுல சுத்தறது அவங்க கடைசித் தம்பி.

"அவன் களைச்சுப்போனா லண்டனும் களைச்சுப்போகும் தம்பி"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ரொம்ப மெல்ல, மைக்குக்கே கேட்குமாங்கிற மாதிரி, "95 இடப்பெயர்வோட அவன்ர சத்தமில்லை"ன்னாங்க. 

அந்த இடத்துல நான் மூச்சைக்கூட அடக்கிட்டு உக்காந்திருந்தேன். ஹெட்ஃபோன்ல பக்கத்து ரூம் ஃப்ரிட்ஜ் சத்தமும், தூரத்துல டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலும் மட்டும்.

இப்ப நான் பண்ணின கூத்தைச் சொல்றேன்.

கம்ப்ரஸர்னா என்ன?

கல்யாண மண்டபத்துல மைக் செட் அண்ணன் ஒருத்தர் ஓரமா உக்காந்திருப்பாரு. மாப்பிள்ளையோட சித்தப்பா மைக்கை முழுங்குற மாதிரி கத்தினா சத்தத்தைக் குறைப்பாரு. பொண்ணோட பாட்டி முணுமுணுன்னு வாழ்த்தினா கூட்டுவாரு. கம்ப்ரஸர் பண்றது கிட்டத்தட்ட இதுல பாதி. ஒரு கோடு போட்டுக்கும், அதுக்குப் பேரு த்ரெஷோல்ட். சத்தம் கோட்டைத் தாண்டினா இத்தனைக்கு இத்தனைன்னு ஒரு விகிதத்துல அமுக்கும், அது ரேஷியோ. அமுக்கினதால மொத்தச் சத்தமும் குறையும். அதை ஈடுகட்ட நாம கெயினை ஏத்துவோம். அப்ப மெல்லிசா இருந்ததும் சேர்ந்து மேல வந்துடும். 

எவ்வளவு அமுக்குதுன்னு காட்ட ஒரு மீட்டர் இருக்கும். கெயின் ரிடக்‌ஷன் மீட்டர். சும்மா இருக்கறப்ப முள் 0ல நிக்கும். அமுக்க அமுக்க இடது பக்கம் சாயும். 3 டெசிபல் அமுக்கினா மைனஸ் 3. அவ்வளவுதான்.

நான் போட்டது பழைய கால ஆப்டிகல் கம்ப்ரஸரைப் பார்த்துச் செஞ்ச ஒரு ப்ளக்-இன். இந்த ரகத்துக்கெல்லாம் தாத்தா 1960கள்ல வந்த டெலிட்ரானிக்ஸ் எல்.ஏ.-2ஏ. உள்ள ஒரு ஒளிரும் தகடும், வெளிச்சம் பட்டா மின்தடை மாறுற ஒரு செல்லும் இருக்கும். சத்தம் ஏறினா தகடு பளிச்சுன்னு எரியும், செல்லு அதைப் பார்த்து சத்தத்தைக் குறைக்கும். வெளியில பெரிய குமிழ் ரெண்டே ரெண்டுதான்: ஒண்ணு கெயின், இன்னொண்ணு பீக் ரிடக்‌ஷன். நடுவுல அழகா ஒரு முள். இவ்வளவு சுலபமான பெட்டியில ஒருத்தன் ஏமாறுவானான்னு நினைக்கிறீங்கல்ல? ஏமாந்தேனே.

முள் ஆடவே மாட்டேங்குது

ஆச்சி குரலுக்கு இதைப் போட்டேன். பீக் ரிடக்‌ஷனைத் திருகினேன். ஒண்ணும் ஆகல. இன்னும் திருகினேன். முள் 0க்குப் பக்கத்துல லேசா ஆடுச்சு, ஒண்ணு ரெண்டு டெசிபல் இருக்கும். சத்தம் குறைஞ்ச மாதிரி தோணுச்சு, கெயினை ஏத்தினேன். முள் இன்னும் 0கிட்டயே நின்னுச்சு. "என்னடா இது, ரெண்டு டெசிபல்கூட அமுக்க மாட்டேங்குது"ன்னு மறுபடி பீக் ரிடக்‌ஷன். மறுபடி கெயின். இப்படியே மாத்தி மாத்தி முடுக்கி, முக்கால்வாசிக்குக் கொண்டு போயிட்டேன். முள் அசையாம சாது மாதிரி நின்னுச்சு. வேடிக்கை என்னன்னா, ஆச்சி பேசறதை நிறுத்தறப்ப மட்டும் அது இடது பக்கம் விழும். 

க்ளூ அங்கதான் இருந்துச்சு. நான்தான் "ப்ளக்-இன்ல ஏதோ பக்"னு நினைச்சுட்டு விட்டுட்டேன்.

காதுக்கு எப்படி இருந்துச்சு? சூப்பரா இருந்துச்சுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு, சத்தமா இருக்கிற எல்லாமே சூப்பராத்தான் இருக்கும். கடைசியா மொத்த சத்தத்தையும் அளந்து, ஐரோப்பிய ஒலிபரப்பு விதி சொல்ற மைனஸ் 23 லஃப்ஸுக்குக் கச்சிதமா கொண்டு வந்தேன். பரீட்சையில நூத்துக்கு நூறு வாங்கின சந்தோஷம்.

ஞாயித்துக்கிழமை ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாங்க. பாதியில முகம் மாறுச்சு.

"இது என்ர குரல்தான். ஆனா ஏன் தம்பி நான் எல்லாரையும் ஏசுற மாதிரிக் கதைக்கிறன்?"

நான் ஏதோ ஹெட்ஃபோன், ஸ்பீக்கர்னு சமாளிச்சேன். தம்பி கதை வந்துச்சு. அமைதியான இடத்துல ஃப்ரிட்ஜ் "ஹ்ஹ்ஹோ"ன்னு ஏறி வந்துச்சு. அப்புறம் அந்த வரி. மெல்லச் சொன்ன அந்த ஒரு வரி, மேடையில நின்னு அறிவிக்கிற மாதிரி வந்து விழுந்துச்சு.

ஆச்சி கையை நீட்டி நிறுத்தச் சொன்னாங்க. "நான் மெல்லச் சொன்னதை ஏன் தம்பி உரத்துச் சொல்ல வச்சனீங்கள்?"

எனக்குப் பதில் தெரியல. டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பிட்டேன். ஸ்டேஷன் வரைக்கும் அந்தக் கேள்வி கூடவே வந்துச்சு.

ஆராய்ச்சி ஆரம்பம்

சமர்ப்பிக்க ஒன்பது நாள் பாக்கி. முதல்ல எல்லாரும் பண்றதைப் பண்ணினேன். ப்ளக்-இன்னை அழிச்சு மறுபடி போட்டேன். பஃபர் மாத்தினேன். கம்ப்யூட்டரை அணைச்சு ஏத்தினேன். சாமி கும்பிட்டேன். முள் அப்படியேதான் இருந்துச்சு.

அப்புறம்தான் புத்தி வந்து, வகுப்புல முதல் மாசமே சொல்லிக் குடுத்ததைச் செஞ்சேன். குரலை வச்சு மீட்டரைச் சோதிக்கக் கூடாது. குரல் ஏறும் இறங்கும், முள்ளும் ஏறும் இறங்கும், யார் மேல தப்புன்னு தெரியாது. ஏறாம இறங்காம ஒரே சீரா "பீ....."ன்னு ஒலிக்கிற 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை வேணும். மைனஸ் 18 டிபிஎஃப்எஸ் அளவுல அதை அனுப்பினேன்.

பீக் ரிடக்‌ஷன் சுழி. முள் 0ல. சரி.

பீக் ரிடக்‌ஷனை ஏத்தினேன். முள் மைனஸ் 3, மைனஸ் 6ன்னு சாஞ்சுச்சு. அட, மீட்டர் வேலை செய்யுதே!

அடுத்து கெயினை ஏத்தினேன். முள் வலது பக்கம் வந்து, 0வைத் தாண்டி, சிவப்புல ப்ளஸ் 3 போய் நின்னுச்சு.

இங்கதான் தலையில அடிச்சுக்கிட்டேன். கெயின் ரிடக்‌ஷன் மீட்டர் 0வைத் தாண்டவே முடியாது. "எவ்வளவு குறைச்சேன்"னு காட்டுற முள், நான் கெயின் ஏத்தினா ஏன் நகரணும்? ஏத்துறது வேற கணக்கு, குறைக்கிறது வேற கணக்கு. அப்ப இது கெயின் ரிடக்‌ஷன் முள்ளே இல்ல. வெளிய போற சத்தத்தைக் காட்டுற முள்.

மூலையில ஒரு குட்டி ஸ்விட்ச். அசல் எல்.ஏ.-2ஏ-லயும் இருக்கிறதுதான்: கெயின் ரிடக்‌ஷன், ப்ளஸ் 10, ப்ளஸ் 4. போன செமஸ்டர்ல எதுக்கோ ப்ளஸ் 4ல வச்சு டெம்ப்ளேட்டா சேமிச்சிருக்கேன். அதையே திறந்து ஆச்சி குரலைப் போட்டிருக்கேன்.

இப்ப முன்னாடி நடந்ததை யோசிச்சுப் பாருங்க. நான் அமுக்க அமுக்க, வெளிய வர்ற சத்தம் மேடு பள்ளமில்லாம சீராகும். சீரான சத்தத்துக்கு முள் 0ல அசையாம நிக்கும். அதைப் பார்த்து நான் "அமுக்கவே இல்லை"ன்னு இன்னும் அமுக்கியிருக்கேன். பேச்சை நிறுத்தினா சத்தம் குறையும், அதனால முள் விழும். நிஜ கெயின் ரிடக்‌ஷன் முள்ளா இருந்திருந்தா, பேச்சு நின்னதும் அது 0க்குத் திரும்பி இருக்கணும். தலைகீழ்.

ஸ்விட்சை மாத்தி ஆச்சி குரலை ஓட்டினேன். முள் மைனஸ் 15க்கும் கீழ போய் ஓரமா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அவ்வ்வ்வ்வ்...

ரெண்டாவது தப்பு

ஸ்விட்ச் மட்டும்தானா காரணம்? முதல்ல கொஞ்சம் திருகினப்ப ஒண்ணுமே ஆகலையே, அது ஏன்?

அதுக்குக் காரணம் அளவுகோல். வி.யு. மீட்டர் 1939ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ், என்.பி.சி., சி.பி.எஸ். மூணு பேரும் சேர்ந்து கொண்டு வந்தது. அதுல 0ங்கிறது வேலை செய்ய வேண்டிய நடுமட்டம், அதுக்கு மேல இன்னும் நிறைய இடம் உண்டு. டிஜிட்டல்ல 0ங்கிறது கூரை. அதுக்கு மேல போனா தலை முட்டி உடையும். ரெண்டையும் இணைக்க, பல ப்ளக்-இன்கள் மைனஸ் 18 டிபிஎஃப்எஸ் வந்தா 0 வி.யு.ன்னு வச்சிருக்கும். ஆச்சி குரலை நான் பயந்து பயந்து பதிவு பண்ணினதுல சராசரி மைனஸ் 30 பக்கம். அதாவது பெட்டி எதிர்பார்த்ததைவிட 12 டெசிபல் கம்மி. ஆரம்பத்துல அதுக்கு எதுவுமே எட்டல. கம்ப்ரஸருக்கு முன்னாடியே சத்தத்தை 12 டெசிபல் ஏத்திக் குடுத்திருந்தா, குமிழ் கால்வாசியிலேயே வேலை செஞ்சிருக்கும்.

மத்த சந்தேகங்களும் தீர்ந்தது

ஆராய்ச்சி ஜுரத்துல கையில இருந்த எல்லா கம்ப்ரஸரையும் சைன் அலை குடுத்து சோதிச்சேன். மீட்டர் தப்புன்னு தோணினா நீங்க பார்க்க வேண்டியது:

1. கணக்குப் போட்டுப் பாருங்க. த்ரெஷோல்ட் மைனஸ் 30, ரேஷியோ 4:1, உள்ள வர்றது மைனஸ் 18. கோட்டைத் தாண்டினது 12 டெசிபல். நாலுல ஒரு பங்கு, 3 டெசிபல், வெளிய போகும். மிச்சம் 9 அமுங்கணும். முனை மழுங்கலா இல்லாத ஹார்ட் நீ வச்சா மீட்டர் 9 காட்டணும்.

2. என்கிட்ட இருந்த ஒரு கம்ப்ரஸர் 9க்குப் பதிலா 6.75 காட்டுச்சு. பக் இல்ல. அது உச்சத்தை அளக்கல, ஆர்.எம்.எஸ். சராசரியை அளக்குது. சைன் அலைக்கு சராசரி உச்சத்தைவிட 3 டெசிபல் கம்மி, மைனஸ் 21. தாண்டினது 9, வெளிய போறது 2.25, அமுங்கினது 6.75. கச்சிதம்! இதே 3 டெசிபல்தான் ரெண்டு ஆர்.எம்.எஸ். மீட்டர் ஒத்துப் போகாததுக்கும் காரணம். ஏ.இ.எஸ்.17 முறையில முழு அளவு சைன் அலையை 0ன்னு சொல்லுவாங்க. வெறும் கணக்குப்படி அது மைனஸ் 3.

3. முள் மந்தம். வி.யு. முள் ஒரு சத்தத்துக்கு முழுசா ஏறவே 300 மில்லி செகண்ட் ஆகும். "ப", "ட" மாதிரி வெடிக்கிற எழுத்தெல்லாம் அதுக்குள்ள வந்து போயிடும். முள் 2 காட்டுறப்ப நிஜத்துல ஒரு கணம் 6 அமுங்கியிருக்கலாம். பிபிசிக்காரங்க இதுக்காகவே 1930கள்லயே தனியா பி.பி.எம்.னு ஒண்ணு செஞ்சாங்க. கறுப்புத் தட்டு, வெள்ளை முள், 1லேர்ந்து 7 வரைக்கும் எண். டக்குன்னு ஏறும், கண்ணு பார்க்கிறதுக்காக மெதுவா இறங்கும். 4க்கும் 6க்கும் நடுவுல 8 டெசிபல். 6தான் எல்லை. தமிழோசைக்காரங்க குரலும் இந்த முள்ளைத் தாண்டித்தான் யாழ்ப்பாணத்து சைக்கிள் டைனமோ வரைக்கும் போயிருக்கும்னு நினைக்கறப்ப ஒரு மாதிரி இருந்துச்சு.

4. மிக்ஸ் குமிழ் பாதியில இருந்தா, மீட்டர் பெரும்பாலும் அமுக்கின பாதியோட கணக்கை மட்டும் காட்டும். காதுக்கு வர்றது அதைவிடக் கம்மி.

5. முள் ஆடவே ஆடலையா? சைட்செயின் வெளி ட்ராக்கைக் கேட்டுட்டு இருக்கான்னு பாருங்க. அந்த ட்ராக் காலின்னா கம்ப்ரஸரும் தூங்கும்.

6. முக்கியமானது. பைபாஸ் பண்ணிக் கேட்கறப்ப ரெண்டு பக்கமும் சத்தத்தைச் சமமா வச்சுக் கேளுங்க. இல்லேன்னா சத்தமா இருக்கிறதுதான் ஜெயிக்கும். என்னை ராத்திரி ரெண்டு மணிக்கு ஏமாத்தினது இதுதான்.

லஃப்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. 2010ல வந்த ஆர்128 விதி, முழு நிகழ்ச்சியோட சராசரி உரப்பை மைனஸ் 23ல வைக்கச் சொல்லுது. நல்ல விதி. ஆனா அது மொத்தத்துக்குத்தான் மார்க் போடும். நசுக்கின வெர்ஷனும் மைனஸ் 23. நசுக்காத வெர்ஷனும் மைனஸ் 23. நூத்துக்கு நூறுன்னு நான் குதிச்சதுக்கு அர்த்தமே இல்ல.

மறுபடி ஈஸ்ட் ஹாம்

அஞ்சு நாள் உக்காந்து முதல்லேர்ந்து பண்ணினேன். கம்ப்ரஸர் அதிகபட்சம் 3, 4 டெசிபலுக்கு மேல போகாம வச்சேன். மத்த ஏற்ற இறக்கத்தை வாக்கியம் வாக்கியமா கையாலேயே ஏத்தி இறக்கினேன், அந்த மண்டபத்து அண்ணன் மாதிரி. தம்பி வர்ற இடத்துல கம்ப்ரஸரையே எடுத்துட்டேன். அந்த வரி புரியணுமேன்னு 2 டெசிபல் மட்டும் ஏத்தினேன். பிறகு அதையும் 1 ஆக்கினேன். கேட்கிறவங்க கொஞ்சம் காதைக் கிட்ட கொண்டு வரட்டும்னு விட்டுட்டேன்.

ஆச்சி மறுபடி கண்ணை மூடிக் கேட்டாங்க. இந்தத் தடவை நிறுத்தச் சொல்லல. அந்த வரி வந்தப்ப அடுப்படியிலேர்ந்த மகளும் வந்து கதவுகிட்ட நின்னு கேட்டாங்க. முடிஞ்சதும் ஆச்சி என்னைப் பார்த்து, "ஓம், இப்ப நான்தான்"னாங்க. அப்புறம் "சாப்பிட்டிட்டுப் போங்கோ"ன்னாங்க. 

வரும்போது ரயில்ல யோசிச்சேன். மீட்டர் ஒரு தடவைகூடப் பொய் சொல்லல. வெளிய எவ்வளவு போகுதுன்னு அது சொல்லிட்டே இருந்துச்சு. நான்தான் எவ்வளவு குறைக்கிறேன்னு அதுகிட்ட கேட்டதா நினைச்சுட்டு இருந்தேன். ஆச்சிக்கு மீட்டர் தேவைப்படல. ஒரே தடவையில கண்டுபிடிச்சுட்டாங்க.

ப்ராஜெக்ட் சமர்ப்பிச்சாச்சு. மார்க் வந்ததும் சொல்றேன், நல்லா வந்தா மட்டும். ஹி ஹி.

பி.கு. 1: உங்க வீட்டுப் பரண்ல பழைய கேசட் ஏதாவது கிடந்தா, தாத்தா பாட்டி குரல் இருந்தா, மொத வேலையா கம்ப்யூட்டர்ல ஏத்தி, எதுவுமே பண்ணாத ஒரு காப்பியைத் தனியா வச்சிருங்க. நான் தப்பிச்சது அசல் பதிவு பத்திரமா இருந்ததாலதான்.

பி.கு. 2: சைக்கிள் டைனமோவுல ரேடியோ கேட்டவங்க, சுத்தினவங்க யாராவது இதைப் படிச்சா ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க. யாரு சுத்துவாங்க, எப்ப மாத்திக்குவீங்கன்னு. ஆச்சிக்குப் படிச்சுக் காட்டறதா சொல்லியிருக்கேன்.